மாற்றி எழுதும் கணிதம்

நுழையும்முன்

கணினியின் விலையும் வேகமும் ஆண்டுதோறும் மாறுகின்றன. கணித்தல் என்னும் செயலின் அடிப்படை மாறுவதில்லை. அவ்வடிப்படையை மூன்றே வடிவங்களுக்குள் அடக்கிக் காட்டியது லாம்டா கணிதம். மின்னணுக் கணினி தோன்றுவதற்கு முன்பே பிறந்த இம்முறையை, இன்று ஓர் உலாவியையும் சில எழுத்துகளையும் கொண்டு எவரும் செய்து பார்க்க இயலும். தருமபுரியிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் உள்ள பள்ளி ஆய்வகக் கணினியே அதற்குப் போதுமானது. புணர்ச்சி விதிகளைக் கற்ற தமிழ் மாணவருக்கு இக்கணிதத்தின் நடை புதிதன்று.

விதி கூறிப் புணர்த்தல்

'கருங்கடல்' என்னும் சொல்லைப் பிரித்துப் புணர்ச்சி விதி கூறுமாறு கேட்டால், மாணவர் விடையைப் படிப்படியாக எழுதுவர்.

கருமை + கடல்
கரு + கடல் (ஈறுபோதல்)
கருங்கடல் (இனமிகல்)

முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்குச் செல்ல ஒரு விதி. இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரிக்குச் செல்ல மற்றொரு விதி. இனிப் பொருத்துவதற்கு விதி ஏதும் இல்லை என்னும் நிலையில் விடை முடிகிறது. இங்கே எழுதுபவர் தம் விருப்பப்படி எதையும் சேர்ப்பதில்லை, நீக்குவதுமில்லை. விதி எங்குப் பொருந்துகிறது என்று கண்டு, அவ்விடத்தில் மட்டும் மாற்றி எழுதுகிறார்.

கணித்தல் என்பதும் இத்தகைய செயலே. (3 + 4) × 2 என்னும் கோவையில் 3 + 4 என்பதை 7 என்று மாற்றி எழுதுகிறோம்; பின்னர் 7 × 2 என்பதை 14 என்று மாற்றி எழுதுகிறோம். விதியைப் பொருத்தி மாற்றி எழுதும் இச்செயலை மட்டுமே வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் செய்துவிட முடியுமா? இவ்வினாவுக்கு விடையாக நிற்பது லாம்டா கணிதம்.

ஒரு வினாவும் இரு விடைகளும்

ஒரு கூற்றைக் கொடுத்தால், அது தருக்க விதிகளின்படி நிறுவத்தக்கதா என்பதைக் கண்டறிந்து சொல்லும் பொதுவான செயல்முறை உண்டா என்னும் வினாவை, 1928ஆம் ஆண்டில் செருமானியக் கணித மேதை டேவிட் இல்பெர்ட் முன்வைத்தார். 'இல்லை' என்று நிறுவ வேண்டுமாயின், முதலில் 'செயல்முறை' என்றால் என்ன என்பதை ஐயமற வரையறுத்தாக வேண்டும்.

அமெரிக்காவின் பிரின்சுடன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலோன்சோ சர்ச், 1930களின் தொடக்கத்தில் தாம் உருவாக்கிய லாம்டா கணிதத்தைக் கொண்டு அவ்வரையறையைத் தந்தார். இங்குக் கணிதம் என்று குறிப்பிடப்படுவது 'கால்குலஸ்' ஆகும். வகைநுண்கணிதத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. கணக்கிடும் முறை என்னும் பொதுப்பொருளில் அச்சொல் வந்துள்ளது. இலத்தீன் மொழியில் 'கால்குலஸ்' என்பது எண்ணுவதற்குப் பயன்பட்ட சிறு கல்லைக் குறிக்கும்.

1936ஆம் ஆண்டில், இல்பெர்ட் கேட்ட பொதுச் செயல்முறை இல்லை என்பதைச் சர்ச் நிறுவினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆலன் டூரிங், கற்பனையான ஓர் எந்திரத்தை வரையறுத்து அதே முடிவுக்கு வந்தார். ஒருவர் கையாண்டவை எழுத்துகள்; மற்றவர் கையாண்டது எந்திரம். இரண்டும் ஒரே ஆற்றல் கொண்டவை என்பதை டூரிங்கே தம் கட்டுரையின் பின்னிணைப்பில் காட்டினார். பின்னர் அவர் பிரின்சுடன் சென்று, சர்ச்சின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1938இல் முனைவர் பட்டம் பெற்றார்.

தெரிந்து தெளிவோம்

ஆலன் டூரிங்கின் தாயார் எதெல் சாரா, 1881ஆம் ஆண்டில் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். அவருடைய தந்தை எட்வர்டு வாலர் சுடோனி, சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றியவர். டூரிங்கின் தந்தையும் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்தார். டூரிங் 1912ஆம் ஆண்டு சூன் 23 அன்று இலண்டனில் பிறந்தார்.

மூன்று வடிவங்கள்

லாம்டா கணிதத்தில் எழுதப்படும் எந்தக் கோவையும் மூன்று வடிவங்களுள் ஒன்றாகவே இருக்கும்.

முதலாவது, பெயர். அ, இ, உ போன்ற ஓர் எழுத்தோ, மா, புளி போன்ற ஒரு சொல்லோ பெயராகலாம். இதனை மாறி என்பர். தமிழில் அ, இ, உ ஆகியன சுட்டெழுத்துகள் என்பதை நினைவுகூர்க. சுட்டெழுத்துக்குத் தனக்கென நிலையான பொருள் இல்லை. சுட்டப்படும் பொருளே அதன் பொருள். மாறியின் இயல்பும் அதுவே.

இரண்டாவது, சார்பு. இது கிரேக்க எழுத்தாகிய லாம்டாவைக் கொண்டு தொடங்கும். விசைப்பலகையில் அவ்வெழுத்து இல்லாமையால், வடிவில் அதனை ஓரளவு ஒத்த பின்சாய்கோட்டை இடுவது வழக்கம். \அ.அ என்பது ஒரு சார்பு. சாய்கோட்டை அடுத்து நிற்கும் அ, வரவிருக்கும் பொருளுக்காக ஒதுக்கப்பட்ட இடம். புள்ளிக்குப் பின் வருவது சார்பின் உடல். 'எது வரினும், வந்ததையே தருக' என்பது இச்சார்பின் பொருள்.

மூன்றாவது, செலுத்துதல். ஒரு கோவையின் வலப்புறம் மற்றொரு கோவையை இடைவெளி விட்டு எழுதினால், முதலாவதனுள் இரண்டாவது செலுத்தப்படுகிறது என்பது பொருள்.

(\அ.அ) நெல்லி

இக்கோவையில் விதி ஒன்று பொருந்துகிறது. சார்பின் உடலில் அ வரும் இடங்களிலெல்லாம் நெல்லி என்பதை இட்டு, '\அ.' என்பதை நீக்கிவிட வேண்டும். கிடைப்பது: நெல்லி. லாம்டா கணிதத்தில் கணக்கை நடத்திச் செல்லும் விதி இது ஒன்றே. இதனைப் பீட்டா சுருக்கம் என்பர்.

(\அ.தகடூர்) நெல்லி என்னும் கோவையின் விடை யாது? உடலில் அ என்பதே இல்லை. எனவே நெல்லிக்கு அங்கு இடமில்லை. விடை தகடூர் ஆகும்.

இரண்டு பொருள்களைப் பெறவேண்டிய சார்பை, ஒன்றனுள் ஒன்றாக எழுதுவர்.

(\அ.\இ.அ) மா புளி
(\இ.மா) புளி
மா

முதலில் மா செலுத்தப்பட்டது. கிடைத்ததும் ஒரு சார்பே. அதனுள் புளி செலுத்தப்பட்டது. இரண்டனுள் முதலாவதைத் தேர்ந்தெடுக்கும் சார்பு இது.

உலாவியில் செய்து பார்த்தல்

இத்தகைய கோவைகளைத் தாளில் எழுதியே சுருக்க முடியும். எனினும், கோவை நீளும்போது எழுத்துப்பிழை நேரும். இப்பணியைத் தவறின்றிச் செய்து காட்டும் நிரல்களே லாம்டா வரிமொழிமாற்றிகள். ஆங்கிலத்தில் இன்டர்பிரட்டர் எனப்படும் இவற்றுள் எளியவை, ஒரே ஒரு வலைப்பக்கமாக அமைந்துள்ளன. அவற்றைக் கணினியில் நிறுவ வேண்டுவதில்லை. பக்கம் முழுமையாகத் திறந்துவிட்டால், சுருக்கும் பணி பெரும்பாலும் மாணவரின் கணினியிலேயே நடைபெறுகிறது. ஆதலால் மலைப்பகுதிகளில் நேர்வதுபோல் இணைய இணைப்பு இடையில் அறுந்தாலும் பயிற்சி தடைப்படாது.

பக்கத்தில் ஒரு பெட்டியும் ஒரு பொத்தானும் இருக்கும். பெட்டியில் கோவையை இட்டுப் பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு படியும் ஒவ்வொரு வரியாகக் கீழே தோன்றும். இறுதி வரியே விடை. சிலவற்றில் விடை மட்டும் தோன்றும். படிகளைக் காட்டும் வசதி இருப்பின், தொடக்கத்தில் அதனையே தெரிவு செய்தல் நன்று. புணர்ச்சியில் விதி கூறாமல் 'கருங்கடல்' என்று மட்டும் எழுதினால் கற்றல் நிகழாது. அதுபோன்றதே இதுவும்.

தொடக்கநிலையில் மூன்று பிழைகள் மிகுதியாக நேர்கின்றன.

முதலாவது, அடைப்புக்குறியை விடுதல். சார்பின் உடல் வலப்புறம் இயன்றவரை நீளும் என்பது மரபு. ஆகவே, \அ.அ நெல்லி என்று எழுதினால், 'அ நெல்லி' முழுவதும் உடலாகிவிடும், சுருக்குவதற்கு ஏதுமில்லை. (\அ.அ) நெல்லி என்று எழுதினால்தான் நெல்லி உள்ளே செலுத்தப்படும்.

இரண்டாவது, இடைவெளியை விடுதல். 'அ அ' என்பது இரண்டு பெயர்கள். 'அஅ' என்பதைப் பல வரிமொழிமாற்றிகள் ஒரே பெயராகக் கொள்ளும்.

மூன்றாவது, செலுத்தும் வரிசையைத் தவறாகக் கொள்ளுதல். க ச ட என்று எழுதினால் அது (க ச) ட என்றே பொருள்படும். க (ச ட) ஆகாது. இரண்டாவது பொருள் வேண்டின், அடைப்புக்குறியை இட்டே ஆகவேண்டும்.

கட்டுண்டதும் கட்டற்றதும்

'அதியமான் தன் நாட்டைக் காத்தான்' என்னும் தொடரில், 'தன்' யாரைக் குறிக்கிறது என்பது தொடருக்குள்ளேயே விளங்குகிறது. 'அவன் நாட்டைக் காத்தான்' என்னும் தொடரில், 'அவன்' யார் என்பதைத் தொடருக்கு வெளியேதான் தேட வேண்டும். லாம்டா கணிதத்திலும் பெயர்கள் இவ்வாறே இருவகைப்படும். \அ.அ இ என்னும் கோவையில், உடலில் உள்ள அ, சாய்கோட்டை அடுத்த அகரத்தோடு கட்டுண்டது. இ என்பதோ கட்டற்றது.

கட்டுண்ட பெயரை வேறொரு பெயராக மாற்றினால் பொருள் மாறாது. \அ.அ என்பதும் \உ.உ என்பதும் ஒரே சார்பு. இதனை ஆல்பா மாற்றம் என்பர். இவ்விதியின் தேவையைப் பின்வரும் கோவை காட்டும்.

(\அ.\இ.அ) இ

அகரம் இருந்த இடத்தில் இகரத்தை அப்படியே இட்டால் \இ.இ என்று வரும். இது தவறு. வெளியிலிருந்து வந்த கட்டற்ற இ, உள்ளிருந்த இகரத்தின் கட்டுக்குள் சிக்கிக்கொண்டது. 'முதலாவதைத் தருக' என்னும் சார்பு, 'வந்ததைத் தருக' என்று பொருள் திரிந்துவிட்டது. ஒரே வகுப்பில் செல்வி என்னும் பெயருடையோர் இருவர் இருப்பின், ஆசிரியர் முன்னெழுத்தைச் சேர்த்து மு. செல்வி, க. செல்வி என்று வேறுபடுத்துவார். அதுபோல, உள்ளிருக்கும் இகரத்தை முதலில் உகரமாக்கிவிட்டுப் பின்னர்ச் செலுத்த வேண்டும். அப்போது \உ.இ என்னும் சரியான விடை கிடைக்கும்.

நல்ல வரிமொழிமாற்றி இப்பெயர் மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும். ஆகவே, மாணவர் இட்ட எழுத்துக்கு மாறான எழுத்து விடையில் தோன்றினால் அதனைப் பிழை எனக் கருத வேண்டா.

இவ்விதிக்கு மற்றொரு பயனும் உண்டு. சில வரிமொழிமாற்றிகள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும். அங்கு அ, இ, உ ஆகியவற்றுக்கு ஈடாக ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இட்டால் போதும், விடை மாறாது. கணக்கின் உண்மை எழுத்திலும் மொழியிலும் தங்கியிருப்பதில்லை. எந்தப் பெயர் எதனோடு கட்டுண்டது என்னும் உறவில் தங்கியுள்ளது. கணித்தலின் அடிப்படையைத் தமிழில் சிந்திப்பதற்கும் தமிழில் எழுதுவதற்கும் தடை ஏதுமில்லை என்பதை ஆல்பா மாற்றமே உறுதி செய்கிறது.

மெய்யும் பொய்யும்

மூன்று வடிவங்களுள் எண் இல்லை. 'ஆம்', 'இல்லை' என்பனவும் இல்லை. அவ்வாறாயின் கணினி செய்யும் பணிகளை இதனால் எவ்வாறு செய்ய முடியும்?

'மெய்' என்பதைப் பொருளாகக் கருதாமல் செயலாகக் கருதுவர். இரு வழிகளுள் ஒன்றைத் தேர்வதற்கே மெய்யும் பொய்யும் பயன்படுகின்றன. ஆகவே முதலாவதைத் தேரும் சார்பை மெய் என்றும், இரண்டாவதைத் தேரும் சார்பைப் பொய் என்றும் கொள்ளலாம்.

மெய் = \அ.\இ.அ
பொய் = \அ.\இ.இ

மெய்யைப் பொய்யாகவும் பொய்யை மெய்யாகவும் மாற்றும் 'மறு' என்னும் சார்பு, \ப.ப பொய் மெய் என அமையும். மறு மெய் என்பதைச் சுருக்குவோம்.

(\ப.ப பொய் மெய்) மெய்
மெய் பொய் மெய்
(\அ.\இ.அ) பொய் மெய்
(\இ.பொய்) மெய்
பொய்

கணினித் தருக்கத்தின் அடிப்படை வாயில்களுள் ஒன்று, எழுத்துகளை இடம் மாற்றியதாலேயே கிடைத்துவிட்டது.

எண்ணும் செயலும்

தருமபுரிப் பகுதியில் புளியமரங்கள் மிகுதி. புளியங்கொட்டைகளை வைத்து எண்ணப் பழகும் குழந்தைக்கு, மூன்று என்பது 'ஒன்றை எடுத்து வை' என்னும் செயலை மூன்று முறை செய்தல். சர்ச்சின் எண்களும் அவ்வாறே அமைந்தவை. ச என்பதைச் செயல் என்றும், த என்பதைத் தொடக்கம் என்றும் கொள்க.

0 = \ச.\த.த
1 = \ச.\த.ச த
2 = \ச.\த.ச (ச த)
3 = \ச.\த.ச (ச (ச த))

செயலை ஒருமுறையும் செய்யாமல் தொடக்கத்தை அப்படியே தருவது சுழியம். 0 என்பதும் பொய் என்பதும் பெயரளவில் வேறுபட்ட ஒரே கோவை என்பதை நோக்குக.

கூட்டல் எவ்வாறு? தொடக்கத்திலிருந்து செயலை ந முறை செய்க; அங்கிருந்து மேலும் ம முறை செய்க.

கூட்டு = \ம.\ந.\ச.\த.ம ச (ந ச த)

1, 2 ஆகிய எண்களை இதில் செலுத்தினால், ஆறு படிகளில் \ச.\த.ச (ச (ச த)) என்னும் விடை கிடைக்கும். வரிமொழிமாற்றி '3' என்று எழுதாமல் இக்கோவையையே காட்டக்கூடும். ச என்னும் செயல் உடலில் எத்தனை முறை வந்துள்ளது என்று எண்ணினால் விடை தெளிவாகும்.

பெருக்கல் இதனினும் சுருக்கமானது: \ம.\ந.\ச.ம (ந ச). 'செயலை மூன்று முறை செய்க' என்பதை இரண்டு முறை செய்தால் ஆறு முறை ஆகும் அல்லவா? அதுவே இரண்டும் மூன்றும் பெருகுதல்.

கழித்தல் எளிதன்று. செய்த செயல்களுள் ஒன்றைக் குறைத்துக் கூறுவது எங்ஙனம்? அவ்வாறான சார்பு அமைக்க இயலாது என்றே சர்ச் ஏறத்தாழ முடிவு செய்திருந்தார். அவருடைய மாணவர் சுடீபன் கிளீனி, பல் மருத்துவரிடம் கடைவாய்ப்பற்களைப் பிடுங்கிக்கொள்ளச் சென்றிருந்த வேளையில் வழியைக் கண்டறிந்தார். எண்களை இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டு முன்னேறுவதே அவ்வழி. (0, 0) என்னும் இணையில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வலப்பக்க எண்ணை இடப்பக்கம் நகர்த்தி, வலப்பக்கத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டே செல்ல வேண்டும். (0, 1), (1, 2), (2, 3) என்று மூன்று முறை நகர்ந்தபின், இடப்பக்கத்தில் 2 நிற்கும். அதுவே மூன்றினும் ஒன்று குறைந்த எண். முன்னேறிக்கொண்டே பின்னெண்ணை அறியும் நுட்பம் இது.

பல வழி, ஒரு முடிவு

நீண்ட கோவையில் சுருக்கத்தக்க இடங்கள் பல இருக்கும். எதனை முதலில் சுருக்குவது? வேறு வேறு வரிசையில் சுருக்கினால் விடையும் வேறுபடுமா? சர்ச்சும் அவருடைய மாணவர் பார்க்லி ரோசரும் 1936இல் இதற்கு விடை கண்டனர். இனிச் சுருக்க இயலாத இறுதி வடிவத்தை இரு வழிகளில் அடைந்தால், அவ்விரண்டும் ஒன்றே. வேறுபாடு இருந்தால் அது கட்டுண்ட பெயர்களின் வேறுபாடே.

ஒகேனக்கல்லில் காவிரி பல கிளைகளாகப் பிரிந்து பாறைகளினூடே வீழ்கிறது. எந்தக் கிளையில் சென்ற நீரும் மீண்டும் ஓராறாகக் கூடி மேட்டூர் நீர்த்தேக்கத்தையே அடைகிறது. கணித அறிஞர்களும் இப்பண்பைச் 'சங்கமம்' என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றனர்.

முடிவில்லாக் கோவை

எல்லாக் கோவைக்கும் இறுதி வடிவம் உண்டா? பின்வரும் கோவையைச் சுருக்கிப் பார்க்க.

(\அ.அ அ) (\அ.அ அ)

முதற் சார்பின் உடல் 'அ அ'. இரண்டு அகரங்களின் இடத்திலும் (\அ.அ அ) என்பதை இட்டால், தொடங்கிய கோவையே மீண்டும் வருகிறது. மறுமுறை சுருக்கினாலும் அதுவே வரும். இக்கணக்குக்கு முடிவில்லை. சில வரிமொழிமாற்றிகள் குறிப்பிட்ட படிகளுக்குப் பின் தாமே நின்றுவிடும். நில்லாதவற்றில் வலைப்பக்கம் அசைவற்றுப் போகும். அப்போது அந்தத் தாவலை மூடிவிட்டு மீண்டும் திறந்தால் போதும். கணினிக்குத் தீங்கு ஏதும் நேராது.

இங்கே வரிசையின் இன்றியமையாமையும் விளங்கும். (\அ.தகடூர்) என்னும் சார்பினுள் இம்முடிவில்லாக் கோவையைச் செலுத்துவோம். இடக்கோடியில் வெளிப்புறமாக நிற்கும் சார்பை முதலில் சுருக்கினால், ஒரே படியில் தகடூர் என்னும் விடை கிடைக்கும். உள்ளே செலுத்தப்படும் கோவையை முதலில் சுருக்க முற்பட்டால், விடை ஒருபோதும் கிடைக்காது. இறுதி வடிவம் இருக்குமாயின், இடக்கோடி வெளிப்புறத்திலிருந்து சுருக்கும் முறை அதனைத் தவறாமல் அடையும்.

அப்படியாயின், எந்தக் கோவை முடியும், எந்தக் கோவை முடியாது என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து சொல்லும் பொதுச் செயல்முறை ஒன்று உண்டா? இல்லை என்பதே 1936இல் சர்ச் நிறுவிய உண்மை. எவ்வளவு விரைவான கணினி வந்தாலும் இவ்வெல்லை மாறாது. கணினியால் இயலாதது யாது என்பதை, கணினி பிறக்கும் முன்பே மனித அறிவு கண்டுகொண்டது. வலைப்பக்கம் நெடுநேரம் அசையாமல் நிற்கும்போது, 'இன்னும் சிறிது பொறுத்தால் விடை வருமா, வாராதா' என்னும் ஐயத்தில் மாணவர் காத்திருப்பர். எல்லாக் கோவைக்கும் பொருந்தும் ஒரே விடை அவ்வையத்துக்கு இல்லை. கோவையின் அமைப்பைக் கண்ணால் நோக்கி, அறிவால் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்றைய மொழிகளில் லாம்டா

தாளில் பிறந்த இம்முறை நிரல்மொழிகளுக்குள் விரைவில் நுழைந்தது. 1958இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழி, சார்பைக் குறிக்க லாம்டா என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டது. அதன் வழியில் 1975இல் இசுகீம் என்னும் மொழி தோன்றியது. இசுகீமின் கருத்துகளைத் தழுவியே, உலாவிகளில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சார்புகளை 1995இல் பிரெண்டன் ஐக் வடிவமைத்தார். எனவே உலாவியில் இயங்கும் லாம்டா வரிமொழிமாற்றி, தன் முன்னோரின் இலக்கணத்தைத் தானே விளக்கிக் காட்டும் நிரல் எனலாம். பைத்தான் மொழியிலும் பெயரற்ற சார்பை எழுத லாம்டா என்னும் சொல்லே பயன்படுகிறது; 2014இல் வெளிவந்த ஜாவா எட்டாம் பதிப்பும் இவ்வசதியைச் சேர்த்துக்கொண்டது.

சார்புகளையே அடிப்படையாகக் கொண்ட ஹாஸ்கெல் என்னும் மொழியைச் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் ஆகியோர் இணையவழிப் பாடமாக நடத்தியுள்ளனர். மேற்கல்வியில் இத்துறையை நாடுவோர்க்கு அது துணைசெய்யும்.

நிரல்மொழிகள் தோன்றி மறையலாம். ஆய்வகக் கணினிகள் பழையனவாகிப் புதியன வரலாம். பெயரிடுதல், சார்பமைத்தல், செலுத்துதல் ஆகிய மூன்றையும் கையால் எழுதிச் சுருக்கப் பழகிய மாணவர், எந்தப் புதிய மொழியைக் கண்டாலும் அதனுள் இம்மூன்றையும் இனங்காண்பர். விதியறிந்து சொல்லைப் பிரித்தவர்க்குப் புதிய சொல்லும் பொருள் தருவதுபோல, விதியறிந்து கோவையைச் சுருக்கியவர்க்குப் புதிய நிரலும் பொருள் தரும்.

இணையச் செயல்பாடுகள்

படி 1 : உலாவியைத் திறந்து, 'லாம்டா கால்குலஸ் இன்டர்பிரட்டர்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தேடுக. எளிய வலைப்பக்கம் ஒன்றைத் தெரிவு செய்க.

படி 2 : லாம்டாவுக்கு எந்தக் குறியை இடவேண்டும், தமிழ் எழுத்துகளை ஏற்குமா, படிகளைக் காட்டும் வசதி உண்டா ஆகியவற்றைப் பக்கத்தில் உள்ள குறிப்பைப் படித்து அறிக.

படி 3 : (\அ.அ) நெல்லி என்னும் கோவையை இடுக. விடையைத் தாளில் எழுதிய பின்னரே பொத்தானை அழுத்துக. இரண்டையும் ஒப்பிடுக.

படி 4 : (\அ.\இ.அ) இ என்னும் கோவையை இடுக. வரிமொழிமாற்றி எந்த எழுத்தைப் புதிதாக இட்டுள்ளது என்று காண்க.

படி 5 : (\ம.\ந.\ச.\த.ம ச (ந ச த)) (\ச.\த.ச த) (\ச.\த.ச (ச த)) என்னும் கோவையை இட்டு, ஒவ்வொரு படியிலும் எந்தப் பெயர் நீங்கியது எனக் குறிக்க.

கற்பவை கற்றபின்...

1. புணர்ச்சி விதியைப் பொருத்துதல், பீட்டா சுருக்கம் ஆகிய இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை வகுப்பில் கலந்துரையாடுக.

2. 'தன்', 'தம்', 'அவர்' ஆகிய சொற்கள் இடம்பெறும் ஐந்து தொடர்களைப் பாடநூலிலிருந்து தொகுத்து, அவற்றுள் தொடருக்குள்ளேயே கட்டுண்டவை எவை எனப் பிரித்தறிக.

3. புளியங்கொட்டைகளைக் கொண்டு கிளீனியின் இணை முறையைச் செய்துகாட்டி, ஐந்திலிருந்து ஒன்றைக் கழிக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. (\அ.\இ.இ) நெல் கேழ்வரகு என்பதன் இறுதி வடிவம்
அ) நெல் ஆ) கேழ்வரகு இ) நெல் கேழ்வரகு ஈ) \இ.இ

2. \உ.உ அ என்னும் கோவையில் கட்டற்ற பெயர்
அ) உ ஆ) அ இ) இரண்டும் ஈ) ஏதுமில்லை

குறுவினா

1. ஆல்பா மாற்றம் என்றால் என்ன?
2. \அ.அ நெல்லி, (\அ.அ) நெல்லி ஆகியவற்றின் வேறுபாட்டைக் கூறுக.

சிறுவினா

1. மறு பொய் என்பதைப் படிப்படியாகச் சுருக்குக.
2. சர்ச்சின் எண்முறையில் 4 என்னும் எண்ணை எழுதி, அதன் பொருளை விளக்குக.

நெடுவினா

கணினியின் எல்லையைக் கணினி தோன்றும் முன்பே அறிஞர்கள் கண்டறிந்தமையை, முடிவில்லாக் கோவையைச் சான்றாகக் கொண்டு விளக்குக.